எண்ணிக்கை சரியாக இருந்த நாள்

பிரசவ லீவில் போன ஒரு டீச்சருக்குப் பதிலாகத்தான் தென்காசியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் டிரெயினிங் முடித்த கையோடு ஒரு டிரங்குப் பெட்டியும் குடையுமாக வந்து இறங்கினேன். அந்த டீச்சர் திரும்பி வரமாட்டார் என்று பேச்சு இருந்தது. வராவிட்டால் என்னையே வைத்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அதனால் அவர் முகம் பார்த்துத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

நாலாம் பாரம், அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, என் பொறுப்பு. முப்பத்து நாலு பெண்கள். விஞ்ஞானப் பாடத்தில் பெரணி வந்தது. புத்தகத்தில் இருந்த படம் கரிக்கட்டையால் கிறுக்கியது மாதிரி இருக்கும். மூன்று மைல் தள்ளிக் குற்றாலத்தில் பாறைக்குப் பாறை பெரணி தழைத்துக் கிடக்கிறது, நான் அதைச் சாக்பீஸால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளே செடிகளைச் சேகரித்து, அமுக்கி உலர்த்தி, அட்டையில் தைத்து, பெயர் எழுதி ஒரு ஆல்பம் செய்யட்டும் என்று தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஆல்பம் செய்யட்டும். குற்றாலம் எதுக்கு?"

"செடி அங்கனதான இருக்கு, டீச்சர்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "முப்பத்து நாலு பேரைக் கூட்டிட்டுப் போறீங்க. முப்பத்து நாலு பேரைக் கொண்டாந்து என் முன்னால நிறுத்தணும். ஒருத்தி தலையிலயும் அருவித் தண்ணி விழக்கூடாது. துணைக்குத் தையல் டீச்சரைக் கூட்டிக்கிடுங்க."

அடுத்த இரண்டு வாரமும் வகுப்பு ஒரு தச்சுப் பட்டறை மாதிரி ஆகிவிட்டது. செடி அமுக்கும் சட்டம் விலைக்கு வாங்க வசதியில்லை. டீத்தூள் வருகிற பெட்டிகளின் பலகையைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் கொண்டுவந்தார்கள். ஆணி பிடுங்கி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பலகைக்கு நடுவே பழைய செய்தித்தாளை அடுக்கிக் கயிற்றால் இறுக்கினோம். பள்ளி வளாகத்துச் செடிகளை வைத்து முதலில் சோதித்ததில் எல்லாமே பூஞ்சணம் பிடித்துப் போயின. சாரல் காலத்தில் தென்காசியில் துணியே காயாது, செடி எப்படிக் காயும்? தையல் டீச்சர்தான் வழி சொன்னார். அவருடைய கரி இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து, செய்தித்தாளைத் தேய்த்துச் சூடாக்கி, தினமும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். அப்புறம் ஒரு செவ்வரளி இலை அப்படியே நிறம் மாறாமல் காய்ந்தது. வகுப்பே அதைச் சுற்றி நின்று பார்த்தது.

அட்டையில் பெயர் எழுதும் வேலையை ஒருத்திக்குக் கொடுத்திருந்தேன். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ரத வீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் இளைய மகள். அதிகம் பேசமாட்டாள். அவள்தான் என்னிடம் மூன்று தடவை வந்து, பயணத்தை இந்தச் சனிக்கிழமையே வைத்துக்கொள்ளும்படி கேட்டாள். "அடுத்த வாரம்னா சாரல் நின்னாலும் நின்னுரும் டீச்சர். பெரணி வாடிரும்." நானும் நல்ல யோசனை என்று தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தேன்.

சனிக்கிழமை காலை நடந்தே புறப்பட்டோம். எல்லோரும் நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. மேலகரம் தாண்டும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. பெண்கள் கொண்டுவந்திருந்த கோணிச்சாக்கை மூலையோடு மூலை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். முன்னால் நான், பின்னால் தையல் டீச்சர். திரும்பிப் பார்த்தால் முப்பத்து நாலு சாக்குத்தான் வரிசையாக வரும்.

பேரருவியின் இரைச்சல் கேட்கும் இடத்திலேயே பிள்ளைகளை மரத்தடிப் பாறைகள் பக்கம் திருப்பிவிட்டேன். நாலு நாலு பேராகப் பிரிந்து தேடினார்கள். இலையின் அடிப்பக்கத்துப் பழுப்புப் புள்ளிகளைத் தாங்களே கண்டுபிடித்து, "டீச்சர், இதுலயும் இருக்கு, இதுலயும் இருக்கு" என்று கொண்டுவந்து காட்டினார்கள். வேரோடு எடுப்பது எப்படி, பாசியைப் பாறையிலிருந்து கத்தி நுனியால் வழிப்பது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது. அரை மணிக்கொரு தரம் எண்ணினேன். முப்பத்து நாலு.

மத்தியானம் சாப்பிட ஒரு மண்டபத்தில் ஒதுங்கினோம். அங்கே ஏற்கெனவே வேறொரு பள்ளிப் பெண்கள் புளியோதரைப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுரண்டையிலிருந்து ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து வந்திருந்தார்கள். அவர்களுக்கும் நீலப் பாவாடைதான். ஒரு மணி நேரம் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்து பேசிச் சிரித்துச் சாப்பிட்டார்கள். பிறகு அவர்கள் பஸ் ஹாரன் அடித்தது. நாங்களும் கிளம்பினோம். சாரலில் சாக்கும் தலையுமாக வரிசையாக நிற்கவைத்து எண்ணினேன். முப்பத்து நாலு. நிம்மதியாக நடந்தேன்.

மேலகரம் வந்ததும் மழை சுத்தமாக விட்டுவிட்டது. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு புளிய மரம். சாக்கை உதறிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைசியாக ஒரு முறை எண்ணினேன். அப்போதும் முப்பத்து நாலுதான். ஆனால் இருபதோ இருபத்தொன்றோ சொல்லும்போது விரல் ஒரு முகத்தில் நின்றுவிட்டது. வட்ட முகம், நெற்றியில் பொட்டு இல்லை. அந்தப் பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"நீ யாரு?"

அவள் முன்னால் வந்தாள். "சுரண்டை, டீச்சர்."

ஒருத்தி கூடுதலாக வந்திருக்கிறாள் என்றால் ஒருத்தி குறைந்திருக்கிறாள். பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். அட்டையில் பெயர் எழுதும் எழுத்துக்காரியின் பெயருக்குப் பதில் வரவில்லை. அருவியும் வழுக்குப் பாறையும்தான் கண்முன் நின்றன.

"பயப்படாதீங்க டீச்சர்," என்றாள் அந்தப் பெண். "அவ எங்க வீட்டுக்குத்தான் போயிருக்கா. எங்க பஸ்ல, என் எடத்துல உக்காந்து."

"உங்க வீட்டுக்கா? எதுக்கு?"

"அவ அக்காவைப் பார்க்க. எங்கண்ணன் பொண்டாட்டி, எங்க மதினி."

நின்ற நிலையிலேயே எல்லாம் வெளியே வந்தது. எழுத்துக்காரியின் அக்கா இரண்டு வருஷத்துக்கு முன் சுரண்டையில் ஒரு வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீட்டுப் பையனைக் கோயில் கும்பிடுகிற அப்பாவின் சம்மதம் இல்லாமல் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. இப்போது குழந்தை பிறந்து மூன்று மாதம். பாவூர்சத்திரத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் என் மாணவி ஒருத்திக்குச் சுரண்டையில் மாமா வீடு. அவள் வழியாகத்தான் தகவல் போய் வந்திருக்கிறது. சுரண்டைப் பள்ளி குற்றாலம் வருகிற தேதி தெரிந்தபின்தான் சாரல் நின்றுவிடும் என்று எழுத்துக்காரி என்னிடம் சொல்லியிருக்கிறாள். எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காக, குழந்தையின் அத்தை தன் இடத்தைக் கொடுத்துவிட்டு என் வரிசையில் வந்து நின்றிருக்கிறாள்.

மற்ற முப்பத்து மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"ஏட்டி, ஒருத்தியாவது சொல்லக்கூடாதா?" என்றார் தையல் டீச்சர்.

"சாயங்காலம் எங்கண்ணன் அவளைப் பஸ்ல கொண்டாந்து தென்காசியில விட்டிருவான் டீச்சர். நான் அதே பஸ்ல திரும்பிருவேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சோம்," என்றாள் சுரண்டைப் பெண்.

அவள் சொன்னதை நம்பத்தான் ஆசை. ஆனால் கண்ணால் பார்க்காமல் எப்படி நம்புவது? குற்றாலத்திலிருந்து தென்காசி போகும் பஸ் வந்தது. தையல் டீச்சரிடம் பிள்ளைகளையும் செடிகளையும் ஒப்படைத்தேன்.

"தலைமையாசிரியை கேட்டா நடந்ததைச் சொல்லிருங்க."

"கேக்கட்டும். இப்ப நீங்க போங்க. பஸ் போயிரும்."

தென்காசியில் இறங்கிச் சுரண்டை பஸ் பிடித்தோம். ஜன்னலோரம் அந்தப் பெண்ணை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மடியில் இலையில் சுற்றிய ஒரு பெரணி இருந்தது.

"இது எப்ப எடுத்தது?"

"நடக்கையில எடுத்தேன். எல்லாரும் எடுத்தாங்க. சும்மா கூட வந்தா நல்லா இருக்காதுன்னு." அப்புறம் தயங்கி, "எங்க பள்ளிக்கூடத்துல இப்படியெல்லாம் செய்யச் சொல்லமாட்டாங்க டீச்சர்," என்றாள்.

அவள்மேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. வேலை போய்விட்டால் பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது என்பது ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட, அந்தச் சுரண்டைப் பள்ளி பஸ் வழியில் எங்காவது நின்று, என் மாணவி தெரியாத ஊரில் இறங்கியிருந்தால் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. பாவூர்சத்திரத்தில் காய்கறி மூட்டை ஏற்றுவதற்காக எங்கள் பஸ் நின்றபோது, ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன்.

சுரண்டையில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு. வாசல் திறந்து கிடந்தது. முன்னறையில் ஒரு பாயில் என் மாணவி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. அவள் அம்மா கட்டிக் கொடுத்தனுப்பிய வசம்பு வளையலை அதன் கையில் மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கும் தெரிந்தே நடந்திருக்கிறது.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். குழந்தை மடியில் இருந்ததால் எழ முடியவில்லை. நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தலைமுடி காய்ந்திருந்தது. பாவாடை ஓரத்தில் சேறு. கால், கை, எல்லாம் இருந்தது. திட்ட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தேன். கண்ணீர்தான் வந்தது. அவளுடைய அக்கா ஓடிவந்து ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

அப்போதுதான் அறையின் மறுகோடியில் நாற்காலியில் இன்னொரு பெண் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். நாற்பது வயதிருக்கும். சேலை முந்தானை நனைந்து சுருண்டிருந்தது. சுரண்டைப் பள்ளியின் டீச்சர். பாவூர்சத்திரத்தில் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுக்கும்போது தெரியாத கை ஒன்று நீண்டதில் விஷயம் தெரிந்திருக்கிறது. நேராக இந்த வீட்டுக்குக் கூட்டிவந்து, தன் பிள்ளை வரும்வரை நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

தன் மாணவி என் பின்னால் நிற்பதைப் பார்த்ததும் அவரும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"குற்றாலத்துல எண்ணுனீங்களா டீச்சர்?" என்று என்னைக் கேட்டார்.

"எண்ணுனேன். சரியா இருந்தது."

"எனக்கும் சரியாத்தான் இருந்தது," என்றார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. அடக்க முடியாமல் சிரித்தோம். குழந்தை அந்தச் சத்தத்தில் முழித்து அழ ஆரம்பித்தது.

திரும்பும்போது பஸ்ஸில் என் மாணவியை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். தென்காசி நெருங்கும்போது, "அப்பாகிட்ட சொல்லுவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"கேட்டா பொய் சொல்லமாட்டேன்," என்றேன்.

பள்ளிக்கூடத்துக் கேட்டில் அவள் அப்பா நின்றிருந்தார். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வீடு திரும்பிவிட்டதைக் கேள்விப்பட்டுக் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் தலைமையாசிரியையும் தையல் டீச்சரும். மகளைக் கண்டதும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கன போயிருந்த?"

அவள் தலையைக் குனிந்தாள். நான் சொன்னேன். "அண்ணாச்சி, சுரண்டைக்குப் போயிருந்தா. அவங்க அக்கா வீட்டுக்கு. என் கவனக்குறைவுதான். ஆனா ஒரு குறையும் இல்லாம இருக்கா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. தெருவில் போன ஒரு மாட்டு வண்டி கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். அடிக்கக் கை ஓங்கினால் குறுக்கே போக வேண்டும் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்திருந்தேன்.

"பிள்ளை என்ன பிள்ளை?" என்று கேட்டார். அதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"பொம்பளப் பிள்ளைப்பா," என்றாள் அவள்.

"தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்கப்பா."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அம்மை தேடுவா. நட." இரண்டு பேரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவள் செருப்பு வார் அறுந்தது போலிருக்கிறது, நின்றாள். அவர் குனிந்து அதை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். நின்றுகொண்டே கேட்டேன். கால் மணி நேரம் திட்டினார். நியாயமான திட்டுத்தான். கடைசியில், "இனிமே தலையை எண்ணாதீங்க, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு, மேஜையில் தையல் டீச்சர் வைத்துவிட்டுப் போயிருந்த பெரணிக் கட்டைப் பார்த்தார். "இதை இன்னைக்கே தாள்ல வைக்கணுமா?"

"ஆமா டீச்சர். இல்லைன்னா சுருங்கிரும்."

"அப்ப வச்சிட்டுப் போங்க. சாவியை வாட்ச்மேன்கிட்ட கொடுங்க."

வேலை போகவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு இலையாகப் பிரித்துத் தாளில் வைத்தேன். வீட்டுக்குப் போனதும் குளிக்கக்கூட இல்லை, தயிரும் பழைய சோறும் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக அதற்கு முன் எதையும் சாப்பிட்ட நினைவில்லை.

பிரசவ லீவு டீச்சர் ராஜினாமா எழுதி அனுப்பினார். எனக்கு உத்தரவு வந்தது. ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, வகுப்புக்குப் போகும் வழியில் எழுத்துக்காரி என்னை நிறுத்தினாள்.

"நேத்து அப்பா சுரண்டைக்குப் போய்ட்டு வந்தாங்க டீச்சர்."

"என்ன பேசினாங்க?"

"அத்தானோட ஒண்ணும் பேசலையாம். ஆனா அங்கனயே சாப்பிட்டாங்களாம்."

"என்ன சாப்பாடு?"

"அக்கா மீன் குழம்பு வச்சாளாம். ரெண்டு தடவை சோறு வாங்குனாங்களாம்," என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் ஓடினாள்.