ஒரு மணி பஸ்ஸும் மொட்டைப் பாறையும்

ஞாயிற்றுக்கிழமை, காலை 4.50. சூரமங்கலத்தில் எங்கள் தெருவுக்குப் பால்காரர்கூட இன்னும் வரவில்லை. ஜீப்பைக் கிளப்பிய சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. பழைய ஜீப், வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. வாரநாட்களில் நான் தறி உதிரிபாகக் கடையில் நின்று சாமான் விற்கிறவன். ஞாயிறு வந்தால் ஏதாவது ஒரு மலையில் இருப்பேன். சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை என்று ஒவ்வொன்றாக ஏறி, உச்சியில் நின்று படம் எடுத்து, மறுநாள் கடையில் எல்லோருக்கும் காட்டினால்தான் எனக்குத் திங்கட்கிழமை விடியும். இந்த முறை கொல்லிமலை. நடந்ததற்கெல்லாம் அந்தப் படம் எடுக்கிற ஆசைதான் காரணம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூட வந்தவர் என் மனைவியின் அண்ணன். திருச்செங்கோட்டுக்காரர். இருபது வருஷம் போர்வெல் போடுகிற ரிக் லாரி ஓட்டி, மத்தியப் பிரதேசத்திலிருந்து இமாசலம் வரைக்கும் பார்த்தவர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. அதனால் மலைப்பாதையில் ஓட்டுவது அவர், ஏறுவது நான் என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு.

5.40க்கு ராசிபுரத்தில் இட்லி. 6.20க்குக் காரவள்ளி. அங்கிருந்துதான் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். பத்தாவது வளைவில் காது அடைத்தது. முப்பதாவதில் கீழே சேந்தமங்கலம் பக்கத்து வயல்களும் கோழிப்பண்ணைகளின் நீளக் கூரைகளும் தெரிந்தன. வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். ஐம்பதுக்கு மேல் குளிர் ஆரம்பித்தது. மேலிருந்து வந்த ஒரு டெம்போ எங்களைப் பார்த்ததும் வளைவுக்கு முன்பே ஓரம்கட்டி நின்றது. மச்சான் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

"மலையில ஏறி வர்ற வண்டிக்கு எறங்கற வண்டிதானுங் ஒதுங்கோணும், மாப்ள. ஏறும்போது நின்னா மறுபடி எடுக்கறது கஷ்டம். எறங்கறவனுக்கு என்ன அவசரம்?" என்றார்.

நான் சரி சரி என்று தலையாட்டினேன்.

7.30. மலைமேல் பிரதான சாலையை விட்டுக் கிளைச்சாலைக்குத் திரும்புகிற ஒரு முக்கு. கிளைச்சாலையிலிருந்து திரும்பி வரும்போது வலது பக்கம் போனால் நாங்கள் ஏறிவந்த, கீழே இறங்குகிற மலைப்பாதை. இடது பக்கம் ஒரு வளைவு தள்ளி, இருநூறு அடி தூரத்தில் பஸ் நிற்கிற இடமும் ஒரு டீக்கடையும். முக்கிலிருந்து பார்த்தால் அந்தக் கடை தெரியாது, பலாமரங்கள் மறைத்துக்கொள்ளும். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முக்கிலிருந்து நாங்கள் போகவேண்டிய ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர். சாலை என்று சொன்னால் சாலை கோபித்துக்கொள்ளும். பெயர்ந்த ஜல்லி, இரண்டு இடத்தில் ஓடை குறுக்கே ஓடுகிறது. ஒரு பக்கம் மிளகுக்கொடி ஏறிய மரங்கள், மறுபக்கம் பள்ளம். முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. ஒரே ஒரு தடவைதான் மச்சான் முதல் கியரை விட்டு மாற்றினார். எனக்கு அந்த ஒன்பது கிலோமீட்டரும் கொண்டாட்டமாக இருந்தது.

அந்த ஊர்ச் சடையண்ணன்தான் எங்களுக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்ட மலைக்காரர். ஐம்பது வயது இருக்கும். மனைவி இறந்து தனியாக இருக்கிறார். துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். காட்டுக்குள் போவதற்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று நான் கேலி செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒரு மணி பஸ்ஸுல எம்மக ஊருக்குப் போகுதுங்க. பதனொன்றரைக்கு நாம எறங்கிட்டா போதும்ங்க. உங்க வண்டியிலயே முக்கு வரைக்கும் வந்துக்கறேன்," என்றார்.

"அதுக்கென்னங்க, பதினோரு மணிக்கே எறங்கிடலாம்," என்றேன். அப்போது மணி 8.10.

ஏறுகிற வழியில் மீதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மகள் மூன்று வருஷத்துக்கு முன்பு இவர் பேச்சை மீறித் தம்மம்பட்டிப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு நின்ற பேச்சு. இப்போது புருஷனும் பெண்டாட்டியும் குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். ஒரு வயதில் ஒரு பெண் குழந்தை. ஆடி நோன்புக்கு வந்தவள் இரண்டு மேடு தள்ளியிருக்கிற சித்தி வீட்டில் மூன்று நாள் இருந்திருக்கிறாள். இவர் போகவில்லை. போனால் ஊர் பார்க்கும், இவர் இறங்கிவந்துவிட்டார் என்று பேசும். நேற்று ராத்திரி தூங்காமல் யோசித்து, இன்று விடிகாலையில் பால் ஊற்றப் போன ஆளிடம் பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"பஸ் நிக்கிற எடம்னா பொதுவான எடங்க. நான் அதோட ஊட்டுக்குப் போனதாவும் ஆகாது, அது என் ஊட்டுக்கு வந்ததாவும் ஆகாது," என்றார். பிறகு, "எங்க பக்கம் வழியனுப்ப வாரேன்னு சொன்னவங்க வராம யாரும் பஸ் ஏற மாட்டாங்க. அதனால நாந்தான் நேரத்துக்குப் போயிரோணும்ங்க," என்றார்.

இதைக் கேட்டு நானும் உருகத்தான் செய்தேன். பேரக்குழந்தையின் பெயர் என்னவென்று கேட்டேன். தெரியாது என்றார்.

பாதை முதலில் காப்பிச்செடிகளுக்குள் போய், பிறகு புல்மேட்டில் ஏறி, கடைசியில் வெறும் பாறையாகிறது. 10.15க்கு ஒரு தட்டையான பாறைக்கு வந்தோம். எல்லோரும் இதோடு திரும்பிவிடுவார்கள் என்றார் சடையண்ணன். கிழக்கே பச்சைமலை நீலமாகக் கிடந்தது. தண்ணீர் குடித்தோம். நான் நிமிர்ந்து பார்த்தபோது அதற்கு மேலே இன்னொரு மொட்டைப் பாறை தெரிந்தது. அதுதான் உச்சி. நான் நின்றிருந்தது உச்சி இல்லை. எனக்குப் பிசாசு பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

பத்து நிமிஷம் போதும் என்றேன். அவர் வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முன்னால் நடந்தார். அது முப்பத்தைந்து நிமிஷம் பிடித்தது. மேலே போனதும் மேகம் வந்து மூடிக்கொண்டது. நான் நீட்டிய கையே சரியாகத் தெரியவில்லை. இவ்வளவு தூரம் ஏறிவந்து வெள்ளைத்துணியைப் படம் எடுத்துக்கொண்டு போவதா? மேகம் விலகட்டும், ஐந்து நிமிஷம் என்றேன். அந்த ஐந்து நிமிஷத்தை நாலைந்து தடவை சொன்னேன். அவர் ஒரு கல்லின்மேல் குத்தவைத்து உட்கார்ந்து, வெள்ளைச் சட்டையில் ஒட்டிய புல்விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருமுறை மட்டும், "நீங்க வேணும்னா முன்னால போங்க, நான் வந்துக்கறேன்," என்றேன்.

"மேல கூட்டிட்டு வந்தவங்கள விட்டுட்டு எறங்கறது எங்க ஊர்ல வழக்கமில்லைங்க," என்றார்.

அவர் போகமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். ஒப்புக்குச் சொன்னது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மேகம் விலகியது. படம் எடுத்தேன். இறங்கும்போது இரண்டு இடத்தில் வழுக்கி உட்கார்ந்து, அதனால் இன்னும் கொஞ்சம் தாமதம். ஊருக்கு வந்து சேர்ந்தபோது மணி 1.10.

மச்சான் உடனே வண்டியை எடுத்தார். காலையில் கொண்டாட்டமாக இருந்த அதே ஒன்பது கிலோமீட்டர் இப்போது ஒவ்வொரு கல்லாகக் குத்தியது. வேகமாகப் போங்க என்று நான் கத்தினேன். ஜல்லியில் வேகமாகப் போனால் யாரும் எங்கேயும் போய்ச் சேரமாட்டோம் என்று மச்சான் அமைதியாகச் சொன்னார். பின்சீட்டில் சடையண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஓடையைத் தாண்டியதும் எதிரே மாடு ஓட்டி வந்தவரிடம் பஸ் போய்விட்டதா என்று கேட்டேன். இப்போதுதான் போனது, கால்மணி நேரம் ஆகியிருக்கும் என்றார்.

1.45க்கு முக்கு. வலது பக்கம் இறக்கம், இடது பக்கம் டீக்கடை.

"ஒரு எட்டு கடையில பாத்துட்டுப் போலாங்களா," என்றார் சடையண்ணன்.

"பஸ்தான் போயிடுச்சேங்க. கடையில என்ன இருக்கு? பிடிச்சிடலாம், மச்சான், ரைட்ல விடுங்க," என்றேன். செய்த தப்பை எப்படியாவது சரிக்கட்டிவிட வேண்டும் என்ற பதற்றம் எனக்கு. மலையில் வழி சொல்லும்போது மட்டும்தான் சடையண்ணன் என்னிடம் கொஞ்சம் அதிகாரமாகப் பேசினார். வண்டி என்னுடையது என்பதாலோ என்னவோ, இங்கே மறுபடி கேட்கவில்லை. மச்சான் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு வலது பக்கம் திருப்பினார்.

நாற்பத்தெட்டாவது வளைவுக்கு வந்தபோது, நாலு வளைவு கீழே பஸ்ஸின் கூரை தெரிந்தது. நான் சீட்டிலிருந்து எழுந்தேவிட்டேன். அந்த நேரம் பார்த்து எதிரே செங்கல் ஏற்றிய லாரி ஏறி வந்தது. மச்சான் ஓரம்கட்டினார். சந்தில் நுழைந்து போய்விடலாம் என்று நான் சொன்னதற்கு அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டார். லாரி உறுமி உறுமி வளைவில் ஏறிப் போக நாலு நிமிஷம் ஆனது. அதன் பின்னால் இரண்டு வேன்கள். பஸ்ஸை மறுபடி பார்த்தது 2.40க்குக் காரவள்ளியில், அடிவாரத்து நிறுத்தத்தில்.

சடையண்ணன் முன்வாசல் வழியாக ஏறினார். சீட் சீட்டாகப் பார்த்துக்கொண்டே போய்ப் பின்வாசல் வழியாக இறங்கினார். இறங்கி வந்தவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"ஏறலைங்க," என்றார். "நான் வராம ஏறாதுங்க."

எனக்கு அப்போதுதான் அவர் காலையில் சொன்னது உறைத்தது. வழியனுப்ப வருகிறேன் என்று சொன்னவர் வராமல் யாரும் பஸ் ஏறமாட்டார்கள் என்று காதாரக் கேட்டிருந்தேன். சமவெளியில் பஸ் போனால் ஆளும் போய்விட்டது என்றுதான் அர்த்தம், அந்தப் புத்தி எனக்கு. அவள் அங்கேயேதான் இருந்திருக்கிறாள், பலாமரங்களுக்கு அந்தப் பக்கம். நாங்கள் முக்கில் நின்று பேசியபோது அங்கேதான் இருந்திருக்கிறாள்.

திரும்ப எழுபது வளைவுகள். ஏறுகிற வண்டியானதால் எல்லோரும் எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

3.50. டீக்கடையில் ஒரு அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பெஞ்சில் யாரும் இல்லை. சடையண்ணனைப் பார்த்ததும் அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மகளும் மருமகனும் குழந்தையும் மூன்று மணிவரைக்கும் இந்தப் பெஞ்சில்தான் இருந்தார்களாம். டிரைவர் கூப்பிட்டும் பஸ்ஸில் ஏறவில்லையாம். குழந்தை அழ ஆரம்பித்ததும், முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்குகிற காய்கறி வேன் ஒன்று வர, அதில் ஏறித் தம்மம்பட்டிக்கு மருமகன் வீட்டுக்கே போய்விட்டார்கள். நாளைக்கு அங்கிருந்து குடகு. இனி பொங்கலுக்குத்தான்.

நான் உடனே, வாங்க, தம்மம்பட்டிக்கே போய்விடலாம், இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம் என்றேன். நான்தான் நேரமாக்கினேன் என்று உங்கள் மகளிடம் நானே சொல்கிறேன் என்றேன்.

சடையண்ணன் சாலைப் பக்கம் பார்த்தார். "வேண்டாங்க. இங்கன்னா பொது எடம். அங்க அவங்க ஊட்டு வாசல்ல போயி நிக்க இன்னும் எனக்கு மனசு வல்லைங்க," என்றார். "மூணு நாளு சும்மா ஊட்டுலதான இருந்தேன். உங்க மேல மட்டும் தப்புச் சொல்லக்கூடாதுங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைக்கார அம்மா இதற்குள் ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். நாங்கள் டீ சொல்லவில்லை. நான் பத்து ரூபாயை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"அந்தப் புள்ள குடுத்துட்டுப் போயிருச்சுங்க. எங்கப்பன் வந்தா ஒரு டீ குடுங்க, சக்கரை போடாதீங்கன்னு சொல்லுச்சு," என்றார் அந்த அம்மா.

சடையண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து அந்த டீயைக் குடித்தார். அவ்வளவு மெதுவாக யாரும் டீ குடித்து நான் பார்த்ததில்லை. கடைசியில் டம்ளரைத் தானே கழுவி வைத்தார். கிளம்பும்போது, படம் நன்றாக விழுந்ததா என்று என்னிடம் கேட்டார். மரியாதைக்குக் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். செல்பேசியை எடுத்துக் காட்டினேன். மேகம் நன்றாக விலகியிருக்கிறது என்றார். ஊருக்குக் கொண்டுபோய் விடுகிறோம் என்று சொன்னதற்கு, நடந்து போய்க்கொள்கிறேன் என்று கிளைச்சாலையில் இறங்கிவிட்டார். ஒன்பது கிலோமீட்டர்.

நாங்கள் மலையிறங்கி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும், ஒரு மோட்டார் சைக்கிளுக்குக்கூட, மச்சான் ஓரம்கட்டி நின்றார். எட்டரை மணிக்குச் சூரமங்கலம். ஜங்ஷன் முன்னால் டவுன் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒன்று போனால் ஐந்து நிமிஷத்தில் அடுத்தது. யாரும் யாருக்காகவும் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்க வேண்டிய அவசியம் இங்கே இல்லை. இத்தனை வருஷமாக இதை ஒரு வசதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கடையில் எல்லோரும் படம் எங்கே என்று கேட்டார்கள். மேகமாக இருந்தது, எடுக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். படம் செல்பேசியில்தான் இருக்கிறது. எடுத்த நேரமும் கீழேயே பதிவாகியிருக்கிறது, 11.28. ஓரத்தில் ஒரு கல்லின்மேல், முதுகைக் காட்டியபடி, வெள்ளைச் சட்டையோடு அவர் உட்கார்ந்திருக்கிறார். எடுக்கும்போது நான் அதைக் கவனிக்கவில்லை.