ஒரு கம்பி குறைவு

நல்ல சத்தத்தைக் கெடுப்பதற்காக என் மாமா ஒரு பெட்டி செய்த கதை இது. கெடுப்பதற்காக என்று சொன்னது நான் இல்லை, என் அம்மா. மாமா அம்மாவின் தம்பி. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போவார், இருட்டியபின் வந்து சேருவார். ஞாயிறு காலை எங்கள் சபையில் கிடார் வாசிப்பார். அந்தக் கிடார் சுத்தமாக, மணி மணியாகப் பாடிக்கொண்டுதான் இருந்தது. மாமாவுக்கு அது போதவில்லை.

"நம்ம ஐயரு பிரசங்கத்த மெதுவா ஆரம்பிச்சி, கடைசில தொண்டை கிழிய கத்துவாரு பாரு. அப்போ ஒரு கரகரப்பு வருமே? அதக் கேட்டாதான் பின்பெஞ்சு முழிச்சிக்கும். அது என் கிடாருக்கும் வரணும்" என்றார் என்னிடம். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் வைத்து, வேண்டும்போது காலால் மிதித்தால் அந்தக் கரகரப்பைத் தரும் பெட்டிக்கு ஓவர்டிரைவ் பெடல் என்று பெயர். கடையில் வாங்கும் பேச்சே எங்கள் வீட்டில் எழாது. ஆகவே மாமா பிரௌசிங் சென்டருக்குப் போய் ஒரு சர்க்யூட் படத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தார். நான் அப்போது ஏழாவது படித்தேன். படத்தைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. எங்கள் சுரங்கத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போலவே இருந்தது. மேலிருந்து கீழே இறங்கும் ஷாஃப்ட்கள், பக்கவாட்டில் ஓடும் லெவல்கள், எந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனாலும் கடைசியில் எர்த் என்று பூமியில் போய் முடிந்தது. மாமாவுக்குப் பாட்டு தெரியும், படம் வராது. படத்துக்கு நான் பொறுப்பு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஒரு கம்பி வைத்து முடித்தால் படத்தில் அந்தக் கோட்டின் மேல் சிவப்புப் பென்சிலால் இழுப்பேன். முழுக்கச் சிவந்தால் வேலை முடிந்தது.

"நல்லா கீற சத்தத்த கெடுக்க ஒரு மிஷினு. அதுக்கு ஒரு படம். அந்தப் படத்துக்கு ரெண்டு மேஸ்திரிங்க" என்றாள் அம்மா.

ஆனால் கம்பிகளை ஒட்ட ஈயம் வைக்க எங்கள் இருவருக்குமே தெரியாது. மாமா ஸ்க்ரூ டிரைவரை மெழுகுவத்தியில் காய்ச்சி முயன்று பார்த்ததில் ஒரு ரெசிஸ்டன்ஸ் கருகியது, ஒரு விரல் கொப்பளித்தது. அதற்குப் பிறகுதான் ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் இருந்த ரிப்பேர் அக்காவிடம் போனோம்.

அக்காவின் அப்பா நடத்திய ரேடியோ கடை அது. அவர் நோயில் படுத்துவிட்டபின் அக்காவே டி.வி., மிக்சி, சார்ஜர் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டினாள். கடைச் சுவரில் மாதா படம், அதைச் சுற்றி சீரியல் பல்பு. அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மாமாவின் கட்டுப்போட்ட விரலையும் பார்த்தாள்.

"இன்னா சார், விரலுக்கா ஈயம் வச்சீங்க?"

மாமா எதற்கும் மறுவார்த்தை வைத்திருப்பவர். ரயிலில் உட்கார இடத்துக்குச் சண்டை வந்தால் இவரைத்தான் முன்னால் தள்ளுவார்களாம். அன்றைக்கு அவர் "ஆமாங்க" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது.

அதுமுதல் சனிக்கிழமைச் சாயங்காலங்கள் அக்காவின் கடையில் போயின. ஈயத்தை உருக்கும் அயர்னைப் பிடிக்க எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். அந்த அயர்ன் ஒரு முரட்டுப் பண்டம். சுவிட்சைப் போட்டுவிட்டு நான் தலைப்பின்னலை முதுகுப்பக்கம் தள்ளிக்கொள்வதற்குள் காய்ந்து புகையும். "இதுக்கு என்னை மாதிரியே அவசரம்" என்பாள் அக்கா.

எல்லாம் வைக்க ஒரு உலோகப் பெட்டி தேவைப்பட்டது. வீட்டுப் பரணில் தாத்தா ஷிஃப்டுக்குச் சோறு கொண்டுபோன பித்தளை டப்பா இருந்தது. மாமா அதை எடுத்ததும் அம்மா வாசலை மறித்தாள்.

"எங்க அப்பா சோறு துண்ண டப்பா. அத காலால மிதிப்பியாடா நீ?"

"செருப்ப கழட்டிட்டு மிதிக்கிறேன்கா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் மறுக்க முடியாதே. கடைசிவரை மாமா அந்தப் பெட்டியை வெறுங்காலால்தான் மிதித்தார்.

முதன்முறை கிடாரை மாட்டிச் சோதித்தபோது பெட்டியிலிருந்து பாட்டு வரவில்லை. கன்னடத்தில் செய்தி வந்தது. மாமா பயந்து கிடாரையே கீழே வைத்துவிட்டார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு கையால் டப்பாவையும் மறு கையால் கிடார் ஒயரின் முனையில் இருக்கும் உலோகத்தையும் தொட்டாள். செய்தி நின்றது. கையை எடுத்தாள், செய்தி வந்தது.

"டப்பாவுக்கும் உள்ள இருக்கிற எர்த்துக்கும் நடுவுல ஒரு கம்பி போவணும் கண்ணு. அது இருந்தா டப்பா வேலி. இல்லன்னா ஏரியல், போற வர்ற ரேடியோல்லாம் உள்ள பூந்துக்கும். இந்தக் கம்பி உன் படத்துல இருக்காது."

அப்படி ஒரு கம்பியை வைத்தாள். படத்தில் இல்லாததால் நானே ஒரு கோடு போட்டு அதையும் சிவப்பாக்கினேன். கிடார் கரகரத்தது. ஐயரே நேரில் வந்து கத்தியது போல அவ்வளவு நன்றாக.

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை பெட்டி ஊமையாகியிருந்தது. திறந்தால் ஒரு கம்பி விட்டிருந்தது. அக்கா வைத்துக் கொடுத்தாள். அதற்கடுத்த வாரம் வேறொரு கம்பி. அப்புறம் பேட்டரிக் கம்பி. அக்கா வைத்த ஈயம் பிடித்து இழுத்தாலும் வராது, நானே இழுத்துப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வாரமெல்லாம் சும்மா கிடக்கும் பெட்டியில் சனிக்கிழமை மத்தியானம் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அக்காவும் ஏன் என்று கேட்கவில்லை. "வந்துட்டீங்களா, வாங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போடுவாள். எங்கள் மாமா தொட்ட பொருள் விளங்காது என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

இதற்கிடையில் வீட்டில் மாமாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம்பூரில் ஒரு இடம், நம் சபைக்காரர்கள், விளைச்சலைச் சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை முடிந்த கையோடு போய்ப் பார்த்து முடித்துவிடுவது என்று பேச்சு. மாமா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ரிப்பேர் அக்காவைப் பற்றி யாரோ கேட்டபோது அம்மா, "தங்கமான பொண்ணு. ஆர்.சி. ஆச்சே" என்றாள். கத்தோலிக்கர்கள் என்று அதற்கு அர்த்தம். அந்த 'ஆச்சே'யில் பேச்சு முடிந்துவிட்டது. எனக்கு இதிலெல்லாம் கவனம் இல்லை. பண்டிகையன்று சபையில் அந்தப் பெட்டி முதன்முதலாக உறுமவேண்டும், அவ்வளவுதான் என் கவலை. பள்ளியில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

பண்டிகைக்கு முந்தின நாள். பெட்டி வழக்கம்போல ஊமை. இந்த முறை நான் மாமாவுக்காகக் காத்திருக்கவில்லை. அக்கா இரவலாகக் கொடுத்திருந்த பழைய அயர்ன் வீட்டில் இருந்தது. விட்டிருந்த கம்பியைக் கண்டுபிடித்து நானே ஈயம் வைத்தேன். கிடார் உறுமியது. குளித்து, தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பி வந்த மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தூக்கிச் சுற்றுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ ஏண்டி கண்ணு அவசரப்பட்ட?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு, "எதுக்கும் ஒருதரம் காட்டிட்டு வந்துருவோம்" என்று எழுந்தார்.

அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தாள். "இது யாரு வச்ச ஈயம்?"

"நான்தான்."

"சும்மா சொல்லக்கூடாது, கடை வைக்கலாம் நீ" என்றாள். ஆனால் குரலில் வழக்கமான குஷி இல்லை. "அப்போ இனிமே ரிப்பேர் இல்ல."

மாமா மிக்சி ஜார் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சொன்னார். "நாளைக்குப் பண்டிகை. நாளன்னிக்கு ஆம்பூருக்குப் போறாங்க. பொண்ணு பாக்க."

"போறாங்களா, போறீங்களா?"

"கூட்டிக்கினு போறாங்க."

"உங்களுக்கு வாயில ஏதாவது கம்பி விட்டுப் போயிருக்கா சார்?" என்றாள் அக்கா. மாமா ஜாரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். "நாளைக்குச் சபைக்கு வாங்க. வந்து கேளுங்க. இவ்ளோ வேலை செஞ்சிருக்கீங்க" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, பெட்டிக்குள் என்னவோ செய்தாள். மூடித் திருகாணியை முடுக்கினாள்.

"போட்டுப் பாக்கலாமாக்கா?"

"எல்லாம் சரியா கீது. நாளைக்குக் கேட்டுக்கலாம்."

மறுநாள் ஆலயம் முழுக்கக் காய்கறி வாசம். வாழைமரம், கேழ்வரகுக் கதிர், பூசணிக்காய், கால் கட்டிய சேவல்கள். பூதிகோட்டையிலிருந்து ஒரு விவசாயத் தாத்தா கூடை கூடையாகத் தக்காளி கொண்டுவந்து பீடத்தின் முன்னால் அடுக்கியிருந்தார். அக்கா வந்து கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்ததைப் பார்த்தேன். மடியில் அவளுடைய ரிப்பேர் பை. ஐயர் விளைச்சலுக்காக ஜெபித்து முடித்தார். பாட்டு ஆரம்பிக்கவேண்டும். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மிதித்தார்.

தக்காளிச் செடியில் காய்ப்புழு வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஒருவர் நல்ல கன்னடத்தில், கணீரென்று, ஆலயம் முழுக்கக் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தார்.

பாடகர் குழு திறந்த வாயோடு நின்றது. மாமா மிதித்தார், மறுபடி மிதித்தார். விவசாய நிகழ்ச்சி இன்னும் பலமாகக் கேட்டது. ஐயர் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். அப்போது பூதிகோட்டைத் தாத்தா எழுந்தார்.

"இருங்க ஐயரே, மருந்து பேரு சொல்றாங்க."

சபையே வெடித்துச் சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. மாமா நிமிர்ந்து, ஆலயத்தின் நீளத்தைத் தாண்டிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். அக்காவை முதல்முறையாக, பெயர் சொல்லி, உரக்கக் கூப்பிட்டார். "கொஞ்சம் வா."

அத்தனை பேர் பார்க்க அக்கா நடுவழியாக நடந்து வந்தாள். முன்வரிசையில் அம்மா. ஓரடி தள்ளி, ஆம்பூர் இடத்தைக் கொண்டுவந்த உறவுக்காரர்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. மாமாவின் காலடியில் மண்டியிட்டு ஒரு கையை டப்பாவின் மேலும் மறு கையை ஒயரின் முனையிலும் வைத்தாள். காய்ப்புழு பாதியில் நின்றது. மாமா ஒரு தந்தியைத் தட்டினார். பெட்டி உறுமியது. அந்தக் கரகரப்பில் பின்பெஞ்சு மட்டுமல்ல, சேவல்களும் முழித்துக்கொண்டன.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் அக்காவின் காதில் சொன்னேன். "அக்கா, அந்த வேலிக் கம்பிதான் விட்டுப்போச்சு. அயர்ன் பைலதானே கீது? எடுக்கட்டா? நானே வச்சிடுறேன்."

"வேணாம் கண்ணு" என்றாள் அக்கா. "அது சூடாவ நேரமாவும்."

பாட்டு முழுக்க அவள் அங்கேயே இருந்தாள். மாமா ஒருமுறைகூடத் தந்தியைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தபடியே வாசித்தார், ஒரு சுரம் பிசகவில்லை.

அன்றைக்கு வீட்டில் சோறு போடும்போது அம்மா, "பாவம், பாட்டு முடியிற வரைக்கும் முட்டி போட்டுகினு இருந்துச்சே அந்தப் பொண்ணு" என்றாள். பிறகு மாமாவின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு, "ஆம்பூருக்கு ஏதாவது சொல்லி அனுப்பணும்" என்றாள். பெட்டிக்கும் ஆம்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "நீ துண்ணு" என்றாள்.

அந்த அக்கா இப்போது எனக்கு அத்தை. போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, பேட்டரி மாற்றலாம் என்று பித்தளை டப்பாவைத் திறந்தேன். வேலிக் கம்பி விட்டுப்போயிருக்கவில்லை. கட்டரால் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய முனைகள் இரண்டிலும் ஈயம் பூசி, எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளும்படி பத்திரமாக மடித்து வைத்திருந்தாள். இத்தனை வருஷமும் யாரும் சேர்க்கவில்லை. மாமா வாசித்தால் அத்தை பக்கத்தில் உட்காரவேண்டும். மறுபடி ரிப்பேருக்கு வரட்டும் என்று வெட்டினீர்களா, இல்லை இப்படி ஆகும் என்று தெரிந்தேவா என்று கேட்டேன். "உனக்குத்தான் படம் பாக்கத் தெரியுமே" என்று சிரிக்கிறாள்.

பண்டிகையன்று ஆலயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். சிமெண்டுத் தரையில் முட்டி வலிக்குமே என்று எனக்கு அக்கா மேல் இரக்கம் பொங்கியது. பீடத்தின் அருகில் ஐயர் முழங்காலிட வைத்திருந்த சிவப்புத் திண்டை எடுத்துவந்து அவளுக்குக் கீழே தள்ளினேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. முட்டி அவ்வளவு வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.