தங்கேஸ்வரி இழுத்த கைபிடி

தூசி கிடக்கிற இடத்தைத் தாண்டிப் போகத் தங்கேஸ்வரிக்குக் கால் வராது. இத்தாலியில், அல்பெர்கேரியா என்ற பகுதியில் அவள் குடியிருக்கும் கட்டடத்தில் படிக்கட்டைக் கழுவ வீட்டுக்கு வீடு முறை உண்டு. மற்றவர்களின் முறையையும் அவளே கழுவிவிடுவாள். "உனக்குக் கை சும்மா இருந்தால் காய்ச்சல் வந்திடும்" என்பான் புருசன் சுதாகரன். அவன் மீன் குளிரறையில் பெட்டி அடுக்கிவிட்டு வந்து, அவள் துடைத்த தரையில் ஈரக் காலோடு நடப்பவன்.

சொந்த ஊர் விசுவமடுவிலிருந்து வந்து பன்னிரண்டு வருசம். வயது ஐம்பத்திரண்டு. கடைசி நாலு வருசமாக, ஓய்வுபெற்ற பல் வைத்தியர் டொத்தோர் விற்றாலே வீட்டில் வேலை. அவரது மனைவி இறந்துபோனார், ஒரே மகன் மிலானோவில். காலையில் வியா மக்வேதாத் தெரு வழியாக நடந்து போய், சமைத்து, துடைத்து, குளிசைகளை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பின்னேரம் நாலு மணிக்குத் திரும்புவாள். முழுப் பெயர் வாயில் நுழையாததால் டொத்தோர் அவளைத் தீனா என்று கூப்பிடுவார். அவரோடு இத்தாலியன்தான். நாலு வருசத்தில் அது அவள் காதில் ஊர்க் கதை மாதிரியே விழத் தொடங்கிவிட்டது.

அந்த வீட்டில் அவளுக்கு விலக்கப்பட்ட இடம் ஒன்றுதான்: யன்னலோரத்து மேசை. டொத்தோர் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்புக்குப் போய்க் கடதாசி இலக்கில் ரிவோல்வரால் சுடுவார். சுட்ட பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, மறுபடி வெடிமருந்தும் ஈயக் குண்டும் வைத்துத் தானே ரவையாக்குவார். பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூரா கொடுத்த அனுமதி சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. துப்பாக்கிச் சத்தம் தங்கேஸ்வரிக்குப் புதிதல்ல. ஆனால் ரவையை ஒரு மனிதர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கத்தில் கோப்பியும் வைத்துக்கொண்டு செய்வார் என்று கண்ட முதல் நாள், சிரிக்கிறதா என்ன செய்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேசை விளிம்பில் முடுக்கியிருந்தது அந்த வேலைக்கான டரட் பிரஸ். உச்சியில் ஒரு வட்டத் தலை, அதில் நாலு அச்சு. கீழே ஒரு கோதை வைத்துக் கைபிடியை இழுத்து விட்டால் ஓர் அச்சு தன் வேலையைச் செய்யும், தலை தானாகக் கால் சுற்றுத் திரும்பி அடுத்த அச்சு வந்து நிற்கும். முதலாவது கோதைச் சீராக்கும், இரண்டாவது மருந்தைக் கொட்டும், மூன்றாவது ஈயத்தை அமர்த்தும், நாலாவது இறுக்கும். நாலு இழுவைக்கு ஒரு ரவை. அவளுக்கு முன்னர் அங்கே வேலை செய்த மன்னார்க்காரி கிளறா, இந்த மேசையைத் துடைத்ததற்காகத்தான் வேலையை விட்டு அனுப்பப்பட்டவள்.

அந்தத் திங்கட்கிழமை ஷிரோக்கோ அடித்தது. ஆபிரிக்கப் பக்கமிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்று செம்மண் தூளைக் கொண்டுவந்து வீடெல்லாம் அப்பியது. டொத்தோர் பிரஸ்ஸில் ஒரு கோதைச் சீராக்கி முடித்திருந்தபோது மிலானோ மகனின் அழைப்பு வந்தது. எழுந்து கூடத்துக்குப் போனார். போனால் அரை மணித்தியாலம்.

மேசைமேல் செம்மண் படை. தங்கேஸ்வரி இரண்டு தரம் அறையைத் தாண்டினாள், மூன்றாந்தரம் உள்ளே போனாள். பிரஸ்ஸின் அடியைத் துடைக்கக் கைபிடி இடைஞ்சலாக நின்றது. அதைக் கீழே இழுத்து விட்டாள். மேலே 'டக்' என்று தலை திரும்பியது. துணியை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

டொத்தோர் திரும்பி வந்ததை வாசலில் நின்று பார்த்தாள். தலையைப் பார்த்தார், நாக்கைச் சொடுக்கினார், கையால் பின்னுக்குத் திருப்பி, கைபிடியை இழுத்தார். அவ்வளவுதான். அவளும் அதை மறந்துபோனாள்.

புதன்கிழமை கிளப் கூட்டாளி ஒருவர் வந்து, எங்கோ ஓர் ஊரில் ஒருவரின் ரிவோல்வர் கைக்குள்ளேயே பிளந்த கதையைச் சொன்னார். தங்கேஸ்வரி கோப்பித் தட்டோடு நின்றாள்.

"ரெண்டு விரல் போச்சு" என்றார் கூட்டாளி. "ஒரு கோதிலை மருந்து ரெண்டு தரம் விழுந்திருக்கு. நடுவிலை ஆரோ கூப்பிட்டிருக்கினம். போயிட்டு வந்தவர், போட்டனோ போடேல்லையோ எண்டு தெரியாமல் திரும்ப இழுத்துப்போட்டார்."

"உள்ளுக்குப் பாத்திருக்க வேணும்" என்றார் டொத்தோர். "எங்கட கோதிலை மருந்து அடியிலைதான் கிடக்கும். ரெண்டு பங்கு விழுந்தாலும் நிரம்பாது. நான் ஒவ்வொண்டுக்கும் பல்லுக் கண்ணாடி பிடிச்சுப் பாக்கிறனான். அம்பது வருசம் மற்றாக்களின்ர வாய்க்குள்ளை பாத்த கண் இது."

திங்களன்று அவர் கண்ணாடி பிடித்துப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. ஐம்பது ரவைகள் நிரம்பிய பெட்டி மேசைமேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் போட்டி.

அன்று சோற்றில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். வியாழன் பின்னேரம் கபோ சந்தையில் கிளறாவைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். கிளறா கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் துணியாலை துடைச்சதுக்கே வேலை போனவள். நீ மெஷினையே ஓட்டிப்போட்டு வந்து நிக்கிறாய்."

"பகிடி விடாதையும் கிளறா. நெஞ்சு இடிக்குது."

"இஞ்ச இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குடுத்தாச்சோ?"

"குடுத்தாச்சு. அடுத்த மாசம் குவெஸ்தூராவிலை கூப்பிடுவினம். வேலைக் கொன்த்ராத்தோக் கடதாசி இவரின்ர பேரிலைதான்."

"அப்ப சொன்னால் உன்ர பேப்பர் போகும். சொல்லாட்டி கிழவன்ர விரல்."

"அம்பதிலை ஒண்டுதானே. ஒருவேளை பாத்திருப்பார் எண்டும் யோசிக்கிறன்."

"யோசிச்சுக்கொண்டே ஏன் எல்லாக் கத்தரிக்காயையும் திருப்பித் திருப்பி வைக்கிறாய்? கடைக்காரன் முறைக்கிறான், விடு."

வெள்ளிக்கிழமை டொத்தோர் மத்தியானம் படுத்திருக்க, தங்கேஸ்வரி பெட்டியைச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொரு ரவையாக மாவு நிறுக்கும் தராசில் வைத்தாள். பதினாலு கிராம். பதினாலு. பதினாலு. ஒன்று பதினைந்து காட்டியது. எடுத்துத் திரும்ப வைத்தாள், பதினாலு. முற்றிய தேங்காயைக் குலுக்கிப் பார்ப்பதுபோல் காதோரம் வைத்துக் குலுக்கினாள். எல்லாமே சரசரத்தன. ஒரு துளி மருந்தின் பாரத்தைக் கேக் மாவுத் தராசில் தேடுகிறேன் என்று தன்மேலேயே கோபம் வந்தது. படுக்கையறையில் இருமல் கேட்டதும், பெட்டியை அது இருந்த கோணத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள். பன்னிரண்டு மணிக்குச் செருப்பைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். டொத்தோர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"என்ன தீனா, எறும்புப் புத்திலை நிக்கிறாயோ?"

"டொத்தோரே, நாளைக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுபோக வேண்டாம்."

"ஏன்?"

"திங்கக்கிழமை நீங்கள் ரெலிபோன் கதைக்கப் போகேக்கை மேசையைத் துடைச்சனான். கைபிடியை ஒருக்கா இழுத்துப்போட்டன். தலை திரும்பினது. நீங்கள் வந்து பின்னுக்குத் திருப்பித் திரும்ப இழுத்தனீங்கள். நான் பாத்தனான்."

அவர் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்.

"திங்கள். இண்டைக்கு என்ன கிழமை?"

"சனி."

"திங்களே சொல்லியிருந்தால் ஒரு ரவையைத்தான் உடைச்சிருக்க வேணும். இப்ப அம்பது." எழுந்து மேசை லாச்சியைத் திறந்து, சுத்தியல் போன்ற ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். "என்ர தோள் இதுக்கு உதவாது. நீதான் அடிக்க வேணும்."

அந்தச் சுத்தியலின் தலை உள்ளே வெறும் பொள்ளல். ரவையை அதற்குள் செருகி மூடியை முடுக்கி, தடித்த பலகையில் ஓங்கி அடித்தால், அந்த உதறலில் ஈயமும் மருந்தும் கழன்று தலைக்குள்ளேயே விழும். டொத்தோர் அவளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுவிட்டார். அவள் பல்கனித் தரையில் சப்பணமிட்டு அடித்தாள். அவர் கதிரையில் இருந்து, விழுந்த மருந்தைச் சின்னத் தராசில் நிறுத்தார். பத்தாவதில் கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டை இடித்தாள். பதினைந்தாவதில் தங்கேஸ்வரியின் மணிக்கட்டு விண்விண் என்றது. தன் வேலை இன்னும் இருக்கிறதா இல்லையா என்று கேட்க வாய் வரவில்லை.

பத்தொன்பதாவதில் தராசின் முள் ஏறிப்போய் நின்றது. டொத்தோர் மருந்தைக் கொட்டித் திரும்ப நிறுத்தார்.

"இதுதான். சரியா ரெண்டு பங்கு."

தங்கேஸ்வரி பலகையில் கையூன்றி மூச்சு விட்டாள். அவர் முகத்தில்கூட ஒரு தெளிவு வந்தது.

"காணும், எழும்பு. கோப்பி போடு. மிச்சத்தோடை நாளைக்குப் போறன்."

அவள் எழும்பவில்லை. கிழமை முழுக்க உள்ளே ஓடித் திரிந்த பயம் இன்னும் அடங்கியபாடில்லை.

"மிச்சத்தையும் அடிச்சுப் பாப்பம், டொத்தோரே."

"மிச்சத்திலை உன்ர கை படேல்லையே. அதெல்லாம் நான் செய்தது."

"அரைநாள்தானே போச்சு. முழுநாளும் போகட்டும்."

அவர் தோளைக் குலுக்கினார். அவள் அடித்தாள். முப்பது. முப்பத்தைந்து. கீழ்வீட்டுக்காரி களைத்து விட்டுவிட்டாள். டொத்தோர் இப்போது அசட்டையாக, மகனைப் பற்றிக் கதைத்துக்கொண்டே நிறுத்தார். நாற்பத்தோராவதில் கதை பாதியில் நின்றது.

முள் முன்னர் போன இடத்துக்கே போய் நின்றது.

தட்டை எடுத்து ஊதித் துடைத்து, மருந்தைத் திரும்ப வைத்தார். அதே இடம். நாலு வருசத்தில் அவர் அவளைப் பார்த்திராத ஒரு பார்வை பார்த்தார்.

"இதையும் நீயா இழுத்தனி, தீனா?"

குரலில் கோபம் இல்லை. ஓம் என்று சொல்லேன் என்பதுபோல இருந்தது. ஓம் என்றால் எல்லாம் லேசாகிவிடும் என்று அவளுக்கு விளங்கியது. ஏச்சு விழும், பிறகு கோப்பி, திங்கட்கிழமை வேலை. அவரும் வழமைபோலக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் போய் இருப்பார்.

"இல்லை, டொத்தோரே" என்றாள். "நான் ஒருக்காத்தான் இழுத்தனான்."

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைமேல் விரித்து வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சுத்தியலை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

கடைசியில் பெட்டியிலிருந்து அடுத்த ரவையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அடி" என்றார்.