ஏழாம் நூலின் கடைசித் தாள்கள்

காலை ஏழு பத்துக்கு நிவித்திகலச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பையில் ஒரு ஞானநூல், வயிற்றில் கொஞ்சம் பயம்.

பயத்துக்குக் காரணம் நானேதான். ஞாயிறு பத்திரிகையொன்றில், ஆன்ம விசாரத்துக்குப் படிக்கவேண்டிய பத்து நூல்கள் என்று ஒரு பட்டியல் எழுதியிருந்தேன். அதில் நான்கைப் படித்திருந்தேன்; இரண்டில் பாதி; மீதிக்குப் பின்னட்டையே போதுமென்று விட்டுவிட்டேன். மௌனத்தைப் பற்றிய ஏழாம் நூலுக்கு, ஒரே மூச்சில் முடித்தேன் என்று சான்றிதழ் வேறு. அதை நம்பி ஒரு கடிதம் வந்தது. இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பாக்கியம் எழுதியிருந்தார். வாசிகசாலைப் பிரதியில் கடைசித் தாள்கள் கிழிந்திருக்கின்றனவாம். வெள்ளிக்கிழமை அவர்கள் வேலை செய்யும் மலையின் கிழட்டு மரங்களைத் தோட்ட நிர்வாகம் வெட்டிச் சாய்க்கப்போகிறது, நூலைக் கூடிப் படித்தவர்கள் ஆளுக்கொரு மலைக்குப் போய்விடுவார்கள். அதற்குள் மிச்சத்தை 'ஐயா வாயால' கேட்கவேண்டுமாம்.

புத்தகத்தைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஐம்பதை நெருங்குகிறவனுக்கு இப்படிக் கடிதம் தினமும் வருவதில்லை.

முந்தின நாள் மாலை இரத்தினபுரி விடுதியில், முடிவையாவது பார்த்துவைப்போம் என்று நூலைத் திறந்தேன். பழைய பதிப்பு. அச்சகத்தில் மடித்தபடியே, தாள்களின் ஓரம் வெட்டப்படாமல் ஒட்டியே கிடந்தது. இருபது வருடம் என் அலுமாரியை அலங்கரித்த நூல். என்னிடம் கத்தி இல்லை. என் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு, பையில் கத்தியும் வைத்துக்கொண்டு இராணுவ செக்பொயிண்டுகளைக் கடக்க நான் இன்னும் பற்றற்ற நிலையை அடையவில்லை.

சந்தியிலிருந்து தோட்டம் நான்கு மைல். ஆட்டோக்கார நவாஸ் நூற்றைம்பது ரூபாய் கேட்டார்.

"தோட்டத்துல சொந்தக்காரங்களா, சேர்?"

"வாசகர்."

"அப்ப பாக்கியக்காதான். பால் வடியிற நேரம் அங்க நின்னு பாருங்க. நம்ம ஆக்கள் வாய மூடி இருக்கிறத வேற எங்கயும் பாக்க ஏலாது."

கடைசி மைலை நடந்து ஏறி முடித்தபோது எட்டரை மணி. மலைச்சரிவு முழுக்க ரப்பர் மரங்கள். விடியலில் பட்டையைக் கீறிவிட்டால், பால் சொட்டி முடிய இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகும். அதுவரை வெட்டினவர்களுக்கு வேலையில்லை. மரத்துக்கொரு சிரட்டை, சிரட்டைக்கொரு வெள்ளைச் சொட்டு. ஆயிரம் சொட்டு விழுகிறது, ஒன்றின் சத்தமும் கேட்கவில்லை. கோயிலில்கூட மறந்துபோகிற காரியம் ஒன்றைச் செய்தேன்: செருப்பைக் கழற்றினேன்.

"அட்டை கடிக்கும்யா, செருப்பப் போடுங்க" என்றார் பாக்கியம். நாற்பது வயதிருக்கும். தலையில் துணிக்கட்டு, இடுப்பில் பால் வெட்டும் கத்தி. கூட ஏழு பேர். கிழிந்த இடம்வரை நூல் முழுவதையும் கோடுபோட்ட மூன்று சீ.ஆர். கொப்பிகளில் கையால் எழுதிவைத்திருந்தார். "தை மாசம் கொப்பில இருந்தத படிச்சு முடிச்சாச்சுங்க. மிச்சம் தெரியாம வேற புஸ்தகம் தொடங்க மனசு வரல. அப்பவும் தினம் வந்து உக்காருவோம்."

"ஐயா ஒரே மூச்சுல முடிச்சீங்களாமே" என்றார் செல்லையா, அங்கே எல்லோருக்கும் மூத்தவர். "நாங்க ஒரு பக்கத்துக்கு மூணு நாள் எடுத்தோம். ஒங்களுக்குப் பெரிய மூச்சுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பாக்கியம் நூலை வாங்கி ஓரத்தைப் பெருவிரலால் தடவினார். பட்டையின் கனத்தைத் தடவியே சொல்லும் விரல். சட்டென்று நின்றது.

"ஐயா, இது ஒட்டியிருக்கே."

"ஆமாம்."

"அப்ப நீங்க..."

"படிக்கவில்லை, அம்மா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். கடைசியில் செல்லையாதான் காப்பாற்றினார்: "விடு தங்கச்சி. கடைக்காரன் எல்லாச் சாமானையும் தின்னு பாத்தா விக்கிறான்?"

பாக்கியம் கத்தியை எடுத்தார். ஆழம் போனால் மரம் கெட்டுவிடும் என்று தினமும் அளந்து கீறுகிற கை. கடைசித் தாள்களின் மடிப்பு ஒரு பிசிறுகூட இல்லாமல் பிரிந்தது. எட்டுத் தலைகள் குனிந்தன, ஒன்பதாவதாக என்னுடையதும். உள்ளே இருந்தது: 'மேலும் படிக்கவேண்டிய நூல்கள்'. கடைசிவரைக்கும் அதுதான். என்னைப் போலவே எவனோ ஒருவன் போட்ட பட்டியல்.

பாக்கியம் கொப்பியின் கடைசி வரியைப் பார்த்தார், நூலில் பட்டியலுக்கு முந்தின வரியைப் பார்த்தார். இரண்டும் ஒன்றேதான்.

"அப்ப நாம முடிச்சிட்டோம்ண்ணே. தையிலேயே முடிச்சிட்டோம்."

"அப்புறம் இத்தன மாசமா இங்க என்னதான் பண்ணினோம்?" என்றார் செல்லையா.

"சும்மா இருந்தோம்."

அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது; கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. மௌனம் என்ற சொல்லுக்கு இருபது வருடம் பத்திரிகைகளில் சன்மானம் வாங்கியவன் நான். அந்தச் சரக்கை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

பத்தே முக்காலுக்குக் கங்காணியின் விசில். வாளிகளோடு எழுந்தார்கள். நூலை அவர்களுக்கே கொடுத்தேன். பாக்கியம் வைத்துக்கொள்ளவில்லை. மீதித் தாள்கள் அத்தனையையும் மளமளவென்று கீறி, என் கையில் வைத்தார்.

"எங்களுக்குக் கொப்பி இருக்குங்க. நீங்க படிங்க."

வெள்ளிக்குப் பிறகு அந்தச் சரிவு மொட்டையாகிவிடும். திரும்பிப் பார்த்தேன். மரங்களுக்கிடையில் தலைத்துணிகள் மட்டும் தெரிந்தன.

ஊர் திரும்பும் வழியில், மாலை மூன்றுக்கு, அவிசாவளையைத் தாண்டி ஒரு செக்பொயிண்ட். இளம் சிப்பாய் என் பையைக் கிளறி நூலை எடுத்தான். ஓரத்தில் காய்ந்திருந்த ரப்பர்ப் பாலை முகர்ந்து முகத்தைச் சுளித்தான். புதிதாகப் பிரிந்த தாள்களைப் புரட்டிவிட்டு, முழுக்கப் படித்துவிட்டாயா என்று சிங்களத்தில் கேட்டான்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரே பதில்தான் தயாராக இருக்கும்: 'ஒரே மூச்சில்.'

"இன்னும் இல்லை" என்றேன்.