மாவு தட்டும் அடி

என் அத்தை ஒதீலியா பேக்கரியின் ஈரமான படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த அன்று டாக்டர், "இனி நடங்க, ஆடுங்க, சும்மா மட்டும் உட்காராதீங்க" என்றார். அத்தை சும்மாதான் உட்கார்ந்தாள். பேக்கரிக்குப் போவாள், பாலாடைக்கட்டி ரொட்டி சுடுவாள், வீட்டுக்கு வந்து காலைத் தலையணைமேல் தூக்கிப் போட்டுக்கொள்வாள். ஒன்றரை வருடம் இப்படியே ஓடிவிட்டது.

முன்பு அவள் இப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பொகொத்தா நகரின் பெரிய சாலைகளில் கார் ஓடாது, மக்கள் நடக்கவும் ஓடவும் விட்டுவிடுவார்கள். எங்கள் ஃபொன்திபோன் பூங்காவில் மேடை போட்டு, பாட்டு வைத்து, அக்கம்பக்கம் எல்லாம் கூடி உடற்பயிற்சி செய்யும். முதல் வரிசையில் இடது மூலை, ஒலிபெருக்கிக்குப் பக்கம், அத்தையின் இடம். வேறு யாரும் அங்கே நிற்க மாட்டார்கள். மேடை தெரியாத பின்வரிசைக்காரர்கள் அவளைப் பார்த்துத்தான் ஆடுவார்கள். தாளம் மாறும் இடத்தில் அவள் இரண்டு உள்ளங்கைகளையும் உரசித் தட்டி, ஒரு காலைப் பின்னால் இழுப்பாள். ரொட்டி பிசைந்த கையிலிருந்து மாவைத் தட்டுகிற பழக்கம் அது. கொஞ்ச நாளில் கூட்டம் முழுக்க அதைச் செய்தது.

என் அம்மா யமீலேயை அங்கே முதலில் கூட்டிப்போனதும் அத்தைதான். "தம்பி பொண்டாட்டி வீட்டுலயே கிடந்தா ஊதிப்போவா" என்று சொல்லி இழுத்துப்போனாள்.

ஒரு சனிக்கிழமை அத்தை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். அம்மா சூப்பை ஊற்றிக்கொண்டே, "அண்ணி, புது மாஸ்டர் ஹெய்னர் ஒரு ஆட்ட அடிக்கு என் பேரை வெச்சிருக்காரு. மைக்குல 'யமீலே அடி'ன்னு கத்துவாரு, எல்லாரும் செய்வாங்க" என்றாள்.

"எந்த அடி?"

அம்மா கரண்டியை வைத்துவிட்டு உள்ளங்கைகளை உரசித் தட்டி, காலைப் பின்னால் இழுத்துக் காட்டினாள்.

அத்தை சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். என்னோடு தெருமுனை வரை நடந்தபோதுதான் வெடித்தாள். "உங்கம்மா வாழ்க்கையில மாவு தொட்டிருக்காளாடி? ரொட்டியைக் கூட கடையில வெட்டி வாங்குறவ!"

மறுநாள் காலை பழைய ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பூங்காவுக்கு வந்து நின்றாள். "காலுக்கு நல்லதுன்னுதான் வரேன். வேற எதுக்கும் இல்ல."

முன்னால் போகவில்லை. மூச்சு வாங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கடைசி வரிசையில் ஒளிந்துகொண்டாள். அங்கிருந்து, தன் மூலையில் நிற்கும் அம்மாவின் முதுகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"புது லெக்கின்ஸா அவளுக்கு?"

"ஆமா அத்தை."

"இடுப்பே அசையல. பலகை மாதிரி நிக்கிறா."

அம்மா நன்றாகத்தான் ஆடினாள். அது அத்தைக்கும் தெரிந்தது. அதனால்தான் அவள் தாடை அப்படி இறுகியது.

ஹெய்னர் மாஸ்டர் வந்த பிறகு ஒரு புது வழக்கம் உண்டு. பாதியில் ஒரு பாட்டுக்கு எல்லாரையும் மேடைக்கு முதுகு காட்டித் திரும்பச் சொல்வார். கடைசி வரிசை அப்போது முதல் வரிசையாகிவிடும். பின்னால் ஒளிகிற சோம்பேறிகளைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் சோம்பேறிகள் அவரைவிடக் கெட்டிக்காரர்கள். அந்தப் பாட்டு தொடங்குவதற்கு முன்பே ஜூஸ் வண்டிப் பக்கம் நழுவிவிடுவார்கள்.

நானும் நழுவினேன். "அத்தை, வாங்க, இப்ப ஜூஸ் குடிக்கப் போகணும்."

"நான் ஜூஸ் குடிக்க வரலடி" என்றாள், அம்மாவைப் பார்த்தபடியே.

"மறுபக்கம்!" என்றார் மாஸ்டர். அத்தனை பேரும் திரும்பினார்கள். எல்லாருக்கும் முன்னால் அத்தை மட்டும் தனியாக நின்றாள்.

புது அடிகள் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. ஒரு நொடி திகைத்தாள். பிறகு கூட்டத்துக்கு முதுகு காட்டி, தெரிந்ததைச் செய்தாள். கையைத் தட்டினாள், காலை இழுத்தாள். பூங்கா முழுக்க அவள் பின்னால் தட்டியது. அவள் தோள் நிமிர்ந்ததை ஜூஸ் வண்டியிலிருந்தே பார்த்தேன்.

மைக்கில் மாஸ்டரின் குரல் வந்தது. "பாருங்க, பாருங்க! புதுசா வந்த அக்கா யமீலே அடியை எவ்வளவு சீக்கிரம் பிடிச்சுட்டாங்க!"

அத்தை சரேலென்று திரும்பினாள். விரலை நீட்டி ஆட்டி, "இது என்னோடது! என்னோடது!" என்று கத்தினாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து விமான நிலையத்திலிருந்து ஒரு விமானம் தலைக்கு மேலே ஏறியது. அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. விரல் மட்டும் தெரிந்தது. அடுத்த அடி போலிருக்கிறது என்று நினைத்து எல்லாரும் விரலை நீட்டி அவளைப் பார்த்து ஆட்டினார்கள். கூட்டத்தின் கடைசியில் என் அம்மாவும் ஆட்டினாள்.

அத்தை நேராக ஜூஸ் வண்டிக்கு வந்தாள். பாட்டு முடிந்ததும் அம்மாவும் ஓடிவந்தாள்.

"அண்ணி, நான் கேக்கல. அவராதான் என் பேரை வெச்சாரு."

"நீ இல்லன்னு சொன்னியா?"

அம்மா ஷூ நாடாவைப் பார்த்தாள். "சொல்லல."

"ஏன்?"

"என் பேரை யாரும் அவ்வளவு சத்தமா கூப்பிட்டதில்ல, அண்ணி."

அத்தை வண்டியில் வாங்கிய, உப்பும் எலுமிச்சையும் போட்ட மாங்காய்த் துண்டைக் கடித்தாள். மெதுவாக மென்றாள். மனம் இளகிவிட்டாள் என்று நான் நினைத்தேன். "நல்லாத்தான் இருக்கும்" என்றாள். "எனக்கும் நல்லா இருந்திருக்கும்."

அம்மா மேடைக்குப் போய் மாஸ்டரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் சிரித்தார். ஊருக்கெல்லாம் பழகிவிட்டது, இனி மாற்றினால் குழப்பம் என்றார். வேண்டுமானால் அந்த விரல் ஆட்டலுக்கு அத்தையின் பேரை வைக்கிறேன் என்றார்.

வைத்தும்விட்டார். "ஒதீலியா அடி!" என்று அவர் கத்தினால் இப்போது பூங்காவே கோபமாக விரல் ஆட்டுகிறது. வயசுப் பையன்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள்.

அத்தை ஒரு ஞாயிறுகூடத் தவறுவதில்லை. கணுக்கால் தேறிவிட்டது என்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம். இடது மூலையில் இப்போது இரண்டு பேர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "யமீலே அடி" என்று குரல் வரும்போதெல்லாம் அத்தை தன் கையைப் பார்ப்பதில்லை, அம்மாவின் கையைத்தான் பார்க்கிறாள்.

"கீழ பாத்துத் தட்டுடி. உன் மூஞ்சியிலயா மாவு விழணும்?"