ஊசி அக்காவின் காரும் இன்ஜினியரின் விளக்கும்

டயாலிசிஸ் சென்டரில் அவளை எல்லோரும் ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சிறுநீரகம் கைவிட்டவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுச் சுத்தம் செய்துகொண்டு போகிற இடம் அது. ஒவ்வொரு தடவையும் கையில் இரண்டு தடித்த ஊசிகள் ஏற்ற வேண்டும். அவள் ஏற்றினால் வலி தெரியாது என்று பெயர் வாங்கியிருந்தாள். பெயர் வாங்கியதற்குக் கிடைத்த பரிசு, விடியற்காலை ஷிப்ட் நிரந்தரமாக அவள் தலையில் விழுந்ததுதான். அவள் லீவு போட்டால் நோயாளிகளின் முகம் தொங்கிப்போகும். அவர்கள் முகம் தொங்கினால் மேனேஜரிடமிருந்து போன் வரும். அதனால் அவள் லீவு கேட்பதையே மறந்துவிட்டாள்.

முதல் நோயாளி படுக்கையில் ஏறுவதற்கு முன் தண்ணீர் சுத்திகரிப்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இயந்திரத்தையும் கழுவி, குழாய்களில் காற்றுக் குமிழி இல்லாமல் உப்புநீர் நிரப்பி வைக்க வேண்டும். ஆகவே இருட்டு விலகுவதற்குள் வீட்டை விட்டுக் கிளம்புவாள். வெகுநாள் ஓடிக் களைத்த ஒரு சின்னக் கார். அதுவும் அவளும் ஒரே மாதிரி இருமிக்கொண்டு கிளம்புவார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கத் தெம்பு இருக்கிற நாளில்.

அவளுடைய கணவர் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர். கம்பெனி கிடங்கை வேறு ஊருக்கு மாற்றியபோது இவரை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள். அதிலிருந்து வீட்டில்தான் இருந்தார். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் இல்லை. சமையலும் துணி மடிப்பதும் அவர்தான். அதோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, வீட்டில் உள்ள பொருள்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அவர் கைபட்ட வாஷிங் மெஷின், துணி பிழியும்போது இருந்த இடத்தை விட்டு நடந்து சமையலறை வாசலுக்கு வந்து நின்றது. குளியலறைக் குழாயை மூடுகிற பக்கம் திருப்பினால் திறக்கும், திறக்கிற பக்கம் திருப்பினால் மூடும். விருந்தாளி வந்தால் உள்ளே போகும்முன் சொல்லி அனுப்ப வேண்டும். தெருவில் அவருக்கு இன்ஜினியர் என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம், தட்டைக் கழுவ வைத்துவிட்டு அவள் வாய்தவறி ஒரு வார்த்தை சொன்னாள்.

"காலைல அந்தக் குளத்து வளைவுல ஒண்ணுமே தெரியலைங்க. ஹெட்லைட் இருக்கா இல்லையான்னே சந்தேகமா இருக்கு."

இன்ஜினியரின் முகம் மலர்ந்த வேகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான்.

"அவசரப்படாதீங்க, மெக்கானிக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றாள்.

மெக்கானிக் தெருமுனையிலேயே கடை வைத்திருந்தான். இருவரும் காரைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். விளக்கின் மேல்மூடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "பிளாஸ்டிக் வெயில்ல காஞ்சு மஞ்சளாயிடுச்சுக்கா. மேலாப்ல பாலிஷ் போட்டா கொஞ்ச நாள் ஓடும். நல்ல பழைய செட் ஒண்ணு வந்தா மாத்தித் தரேன்."

வீட்டுக்கு வந்ததும் இன்ஜினியர், "பாலிஷ் போடறதுக்கு மெக்கானிக்கா? நம்ம கை என்ன பூப்பறிக்கவா இருக்கு?" என்றார்.

மறுநாள் அவள் வேலைக்குப் போக பஸ் ஏறினாள். அதற்கு மறுநாளும். கார் வாசலில் முகம் இழந்து நின்றது. முன்பம்பரைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். பம்பரைப் பிடித்திருந்த கிளிப்புகளில் பாதி உடைந்து ஒரு கிண்ணத்தில் கிடந்தன. விளக்கின் மூடியைப் பெட்டியோடு ஒட்டியிருக்கும் பசையை இளக்க வேண்டுமென்று, முழு விளக்கையும் கேக் செய்யும் ஓவனில் வைத்துச் சூடாக்கினார். வீடு முழுக்கப் பிளாஸ்டிக் நெடி. பஸ்ஸில் நின்றே வந்து, காலைக் கழற்றி வைத்துவிடலாமா என்றிருந்த நேரத்தில் அவள் உள்ளே நுழைந்தாள்.

"ஓவன்ல என்னங்க?"

"இடது லைட்டு. இன்னும் கொஞ்ச நேரம் வேகணும்."

அவள் ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அவர் மூடியைப் பிரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உள்ளே இருந்த வெள்ளிப்பூச்சின் ஓரங்களுக்கு அழகுக்காகக் கறுப்பு பெயின்ட் அடித்து, பழைய பல்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளை வெளேரென்று எரியும் எல்.இ.டி. பல்புகளை மாட்டி, சுற்றிலும் சிலிக்கான் பசையை அப்பி மூடினார். ஒருபக்கம் சூட்டில் லேசாக நெளிந்திருந்தது. பார்த்தால் தெரியாது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

இருட்டத் தொடங்கியதும் அவளைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனார். சுவிட்சைப் போட்டார். எதிர்வீட்டு மாடி பளீரென்று வெளுத்தது. மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்ஜினியரே, இப்பத்தான்யா குழந்தையைத் தூங்க வெச்சேன்!"

"பாத்தியா, மாடி வரைக்கும் போகுது!" என்று இன்ஜினியர் அவள் தோளைத் தட்டினார்.

மாடி வரைக்கும் போனது உண்மைதான். மரக்கிளையில் ஒவ்வொரு இலையும் எண்ணிவிடலாம் போலத் தெரிந்தது. கார் நிற்கிற தரைக்கு முன்னால் மட்டும் முன்போலவே மங்கல். அவள் அதைப் பார்த்தாள். அவருடைய விரல்களில் உப்புத்தாள் கிழித்த கீறல்களையும் பார்த்தாள். கிடங்கு வேலை போனபிறகு அவர் முகத்தில் இவ்வளவு வெளிச்சம் பார்த்ததில்லை.

"நல்லா இருக்குங்க" என்றாள். உள்ளே போய்ப் படுத்தாள்.

அன்றிலிருந்து காலையில் எதிரே வருகிற வண்டிகளெல்லாம் அவளைப் பார்த்துக் கண்ணடித்தன. ஹாரன் அடித்துத் திட்டின. லாரிக்காரர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கேட்கத்தகாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். அவள் விளக்கைத் தாழ்த்தியேதான் வைத்திருந்தாள். அதற்கு மேல் தாழ்த்த வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்று நினைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் உடம்பு கட்டிலை விட்டு எழாது. மழை பிடித்தபோது, சரியாக ஒட்டாத மூடிக்குள் நீர் இறங்கி உள்பக்கம் முத்துமுத்தாகக் கோத்துக்கொண்டது. வெளிச்சம் அந்த முத்துகளில் பட்டு நாலாபுறமும் சிதறியது.

தூறல் விடாத ஒரு காலை. இன்னும் விடியவில்லை. சென்டரின் கேட்டை நெருங்கிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு கார் அதே கேட்டுக்குள் திரும்புவதற்காக வந்தது. ஒருமுறை விளக்கைச் சிமிட்டியது. மறுபடி சிமிட்டியது. பிறகு, திரும்ப வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னாலேயே திரும்பி, கேட்டுத் தூணில் போய் முட்டியது.

பெரிய வேகமில்லை. காரை நிறுத்திவிட்டு ஓடினாள். ஓட்டி வந்தவள் தையல்காரரின் மகள். பக்கத்தில் தையல்காரர். முதல் ஷிப்டில் ஜன்னலோரப் படுக்கை அவருடையது; எப்போதும் முன்னதாகவே வந்து காத்திருப்பார். இடது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு உள்வாங்கியதில் அந்தக் கைதான் அடிபட்டிருந்தது.

அந்தக் கை சாதாரணக் கை இல்லை. ஊசி ஏற்றுவதற்காக அதில் அறுவை செய்து ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். தொட்டால் தோலுக்கடியில் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அதிர்வு நின்றால் கை வீண். கை வீணானால் உயிர் ஓட இன்னொரு வழி தேட வேண்டும்.

ஊசி அக்கா மழையில் மண்டி போட்டு, அவருடைய சட்டைக் கையைச் சுருட்டி விரல்களை வைத்தாள். மழையில் விறைத்த விரலுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி வைத்தாள்.

"ஓடுதாம்மா?" என்றார் தையல்காரர்.

"ஓடுது ஐயா. ஓடுது."

"அப்புறம் ஏன் அழறே?"

உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைப்பதற்குள் கை வீங்கி நீலம் பாரித்துவிட்டது. டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்தார். "வீக்கம் வடியற வரைக்கும் இதுல ஊசி வேணாம். இன்னிக்குக் கழுத்துல டியூப் போட்டுத்தான் பண்ணணும்" என்றார்.

"ஊரெல்லாம் கழுத்துக்கு அளவெடுத்தவன் நான். என் கழுத்துலயே ஓட்டையா?" என்று தையல்காரர் முனகினார்.

வெளியே பெஞ்சில் அவருடைய மகள் ஈரத் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தாள். "எதிர்ல வந்த லைட்டுக்கா... கண்ணு அவிஞ்சு போச்சு. தூண் எங்க, ரோடு எங்கன்னு தெரியல. இந்த மாதிரி லைட்டைப் போட்டுக்கிட்டு வர்றவங்களை எல்லாம் என்ன பண்றதுன்னு தெரியல. நல்லவேளை, பின்னாலேயே நீங்க வந்தீங்க."

"பின்னால வரல. எதிர்ல வந்தது நான்தான்" என்றாள் ஊசி அக்கா. "அது என் கார்."

அந்தப் பெண் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். "நீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைய ஷிப்ட் முழுக்க ஊசி அக்கா இயந்திரம் இயந்திரமாக நடந்தாள். மற்றவர்களுக்கு ஊசி ஏற்றினாள். வலிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது இன்ஜினியர் மேஜை விசிறியைப் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்ல ஆரம்பித்தாள். தூண், கை, கழுத்து எல்லாம் சொன்னாள். அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்குன்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னா உங்க முகம் வாடிடும். அப்புறம் உக்காந்து சமாதானம் பேசணும். எனக்குப் பேசத் தெம்பு இல்லைங்க. படுத்தாப் போதும்னு இருந்துச்சு."

அவர் விசிறி இறக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாகத் தள்ளினார்.

"அப்ப வாஷிங் மெஷின்?"

"அதுவும்தான்."

"குழாய்?"

"குழாயும்தான்."

அவர் எழுந்து உள்ளே போனார். சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தவர், "அந்தத் தையல்காரர் வீடு எங்கே இருக்கு?" என்று கேட்டார். அவளும் வருகிறேன் என்றாள். வேண்டாம், நீ படு என்று சொல்லிவிட்டுத் தனியாகவே போனார்.

திரும்பி வந்து அவர் சொன்னது கொஞ்சம்தான். தையல்காரர் கழுத்தில் கட்டோடு சாய்ந்திருந்தாராம், உட்காரச் சொன்னாராம். மகள் கதவைத் திறந்துவிட்டவள் பிறகு அடுக்களையை விட்டு வெளியே வரவில்லையாம். "நானும் வேலை போய் வீட்ல இருந்த புதுசுல, வீட்ல இருந்த திரைச்சீலையை எல்லாம் கிழிச்சு உடுப்பா தெச்சேன்" என்று தையல்காரர் சொன்னாராம்.

மெக்கானிக் அந்த விளக்குகளைக் கழற்றும்போது சிலிக்கான் பசை கட்டிகட்டியாக வந்தது. "சார், உங்க லைட்டுல பலம் இல்லாம இல்ல. உள்ள வெள்ளி பூசின இந்தக் கிண்ணி பழைய பல்புக்குச் செஞ்சது. அதுல இதை வெச்சா வெளிச்சம் ரோட்டுக்குப் போகாது, ஆள் கண்ணுக்குத்தான் போகும்" என்றான். எங்கிருந்தோ வந்த பழைய செட்டை மாட்டிவிட்டு, சுவருக்கு எதிரே காரை நிறுத்தி உயரம் சரிபார்த்தான். இன்ஜினியர் தள்ளி நின்று பார்த்தார். கை நீட்டவில்லை.

அதன்பிறகு அவர் எதையும் தொடவில்லை. விசிறியைக்கூட ஒரு பையில் கட்டிக் கடையில் கொடுத்துவிட்டார். வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி அவளுக்கு நிம்மதியாக இல்லை. வீட்டுக்கு வந்தால் அவர் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்ப்பது அவளுக்கு இன்னொரு ஷிப்ட் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டின் நடுவே அவர் கேட்டார். "உனக்கு நிஜமா என்ன வேணும்? லைட்டுன்னு நானா நினைச்சுக்கிட்டேன்."

அவள் யோசிக்கவே இல்லை. "தூக்கம்" என்றாள்.

மறுநாள் காலை அவளுக்கு முன்பே எழுந்து, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போன காலத்தில் கம்பெனி பஸ்ஸிலேயே போய்வந்தவர். லைசென்ஸ் இருந்தும் அவர் ஓட்டியது குறைவு. அவளைச் சென்டரில் இறக்கிவிட்டு, மத்தியானம் வந்து கூட்டிப்போகிறேன் என்றார். அவள் பக்கத்து சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

தூங்க விடவில்லை. அவர் ஓட்டுவது எறும்பு ஊர்வது போல இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் பிரேக் போட்டார், எதிரே விளக்கு தெரிந்தாலே ஓரம் கட்டி நின்றார். நாலைந்து காலை அப்படியே கழிந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குவது போலப் படுத்திருந்தாள். தையல்காரரின் கைவீக்கம் வடிந்து, அந்தக் கையிலேயே அவள் மறுபடி ஊசி ஏற்ற வேண்டிய நாள் வந்தது. அன்று காலையில் குளத்து வளைவில் யாருமே வராத ரோட்டில் அவர் காரை நிறுத்தினார்.

"என்னங்க?"

"தூரத்துல ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"ஒண்ணும் இல்ல. நீங்க ரொம்ப மெதுவா ஓட்டறீங்க. எனக்கு லேட்டாகுது" என்றாள். "கொஞ்சம் வேகமாப் போங்க."

அவர் முகம் வாடியது. கியரை மாற்றினார். கார் கொஞ்சம் வேகம் பிடித்தது. அவள் எதுவும் சமாதானம் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். சென்டர் கேட்டில் அவர் அவள் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.