நிற்க விடாத உலகத்துக்கு ஆம்பூரில் ஒரு தரை

இல்லாத ஓர் உலகத்தைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி செய்ய வேண்டும் என்பதற்காகப் போன பிப்ரவரியில் ஆம்பூர் போனேன். பிரியாணிக்காக இல்லை, நம்புங்கள்.

நான் இயற்பியல் படித்துவிட்டுப் புத்தக அட்டை வடிவமைத்துப் பிழைப்பவள். யாரும் தள்ளாத பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது நம் உலகத்துச் சட்டம். இதைக் கவிழ்த்துப் போட்டால்? இடமே பொருளைத் தள்ளும். எதை எங்கே விட்டாலும் அது வட்டமடித்துக்கொண்டே இருக்கும். இதற்குச் சமன்பாடு எழுதிவிட்டேன், ஆனால் பல விதமாக வரைந்தும் வெறும் அம்புக்குறிகளாகத்தான் வந்தது. ஒருநாள், முடியோடு பதப்படுத்திய ஆட்டுத்தோல் மேல் சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்து மேசையைத் தட்டினேன். முடி சாய்ந்திருந்த பக்கமாகவே பொத்தான் நகர்ந்தது. அப்படியானால் கேக் துண்டுகள் போல எட்டுத் தோல் துண்டுகளை வெட்டி, முடி வட்டமாகச் சாயும்படி சேர்த்துத் தைத்தால் பொத்தான் சுற்றியாக வேண்டும்.

இதை வைக்க வேலூரில் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் மேசை கேட்டேன். "இல்லாத இயற்பியலுக்கு எதுக்கும்மா மேசை?" என்றார் பொறுப்பாளரான பேராசிரியர். விடாமல் நச்சரித்தேன். "சனிக்கிழமை காலையில நான் வந்து பார்க்கும்போது ஓடணும். இல்லேன்னா மேசை பசங்களோட ரோபோவுக்குப் போயிடும்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலூரில் பஸ் ஏறினேன். ஆம்பூருக்கு ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் சுடும். இறங்கியதும் எண்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன். "கம்பெனி விடுற நேரத்துல மட்டும் திரும்பாதீங்க மேடம். பஸ்ல கால் வைக்க எடம் இருக்காது, பேஜாராயிடும்" என்றார் ஓட்டுநர்.

நான் தேடிப் போனது ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறை. நடத்துபவர் சுகந்தி, என் வயதுதான் இருக்கும். இரண்டு தோல்களையும் என் படத்தையும் முன்பே அவருக்கு அனுப்பியிருந்தேன். வேலையை முடித்து வைத்திருந்தார். அவ்வளவு அழகு! தையல் எங்கே என்றே தெரியவில்லை. பொத்தானை வைத்துத் தட்டினேன். அது நேராக நடந்து போய் ஓரத்தில் விழுந்தது.

எட்டுத் துண்டிலும் முடி ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

"அம்புக்குறி போட்டிருந்தேனே சுகந்தி?"

"பாத்தேன்க்கா. தப்பா வரைஞ்சிட்டீங்கன்னு நெனச்சேன். ஒவ்வொரு பீஸ்லயும் முடி ஒவ்வொரு பக்கம் சாஞ்சா ஷேட் மாறிப்போவும். இங்க அதை ரிஜெக்ட்டுன்னு தூக்கிப் போட்டுருவாங்க."

அவரை எப்படிக் குறை சொல்வது? இடது ஷூவுக்கும் வலது ஷூவுக்கும் முடி ஒரே மாதிரி சாய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வெட்டிய கை அது. எனக்கோ அழுகை முட்டியது. அழுதால் மேசை ரோபோவுக்குப் போய்விடும் என்பதால் அழவில்லை.

"இன்னைக்கே திரும்பப் பண்ணணும்" என்றேன்.

"எப்படிப் பண்ணாலும் அசிங்கமாத்தாங்கா இருக்கும்."

"அசிங்கமா இருக்கட்டும். சுத்தணும்."

மிச்சம் ஒரு தோல்தான் இருந்தது. தோலில் எட்டுத் துண்டையும் ஒரே திசை பார்க்க வெட்டினால்தான், வட்டமாகத் திருப்பிச் சேர்க்கும்போது முடியும் வட்டமாகச் சாயும். அப்படி வெட்டினால் தோல் ஜாஸ்தி வீணாகும். அதனால் இரண்டடி வட்டம் ஒன்றரை அடியாகச் சுருங்கியது. நான் சாக்பீஸால் கோடு போட்டபடியே என் உலகத்துச் சட்டத்தைச் சொல்ல, சுகந்தி உதட்டைச் சுளித்துக்கொண்டே வெட்டினார். தைத்து முடித்தபோது மாலை நான்கு மணி. ஒரு பக்கம் வெளுத்தும் ஒரு பக்கம் கறுத்தும் நிஜமாகவே அசிங்கமாக இருந்தது. தட்டினேன். பொத்தான் கிளம்பியது, ஒரு தையலில் மாட்டி நின்றது. சுகந்தி அங்கே முடியைக் கத்தரித்துவிட்டுத் தானே தட்டினார். முழுச் சுற்று!

"அப்போ இந்த ஊர்ல ஓடறதுக்கு யாரும் பாடுபட வேணாம். நிக்கிறதுக்குத்தான் கூலி குடுக்கணும், இல்லக்கா?"

வாய்விட்டுச் சிரித்தேன். என் சமன்பாடு சொல்வதும் அதையேதான். அவரிடம் கேட்டுக்கொண்டு, அந்த வரியையே அட்டையில் எழுதிக் கண்காட்சி மேசையில் வைத்தேன்.

மறுநாள் பேராசிரியர் வந்தார். தட்டினார், பொத்தான் சுற்றியது. மறுபடியும் தட்டினார். அட்டையைப் படித்தார். "மேசை இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை தட்டினார்.

இதுபோல எதையாவது செய்யக் கிளம்புகிறவர்களுக்கு: படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். முதல் நாளே நேரில் போய், பொத்தானை ஓடவிட்டுக் காட்டுங்கள். தோல் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். கற்பனைச் சட்டம்தானே என்று கொஞ்சம்கூடத் தளர்த்தாதீர்கள். ஒரு தடவை மீறினாலும் அது வெறும் பொம்மையாகிவிடும். ஆட்டோக்காரர் சொன்னதும் உண்மை, வேலூர் வரை நின்றுகொண்டேதான் வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சுகந்தியின் போன் வந்தது. "ஓடுச்சாக்கா?"

"ஓடுச்சு."

"எந்தப் பக்கமா?"

"நீங்க வெட்டுன பக்கமா."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்கள் நின்றன. "ஏய், சுத்துதாம்டி!" என்று பட்டறைக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.